தடுக்கும் பயம், மிரட்டும் பயம்



எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டோம். பஸ் பலகை படிக்கிறோம். ரேஷன் கார்டு படிக்கிறோம். இனி சொற்களுக்கு உள்ளே போய்ப் பார்ப்போம்.

சில சொற்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். எச்சரிக்கை, மிரட்டல் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பயம் இருக்கிறது. ஆனால் ஒன்று நம்மைக் காக்கும். இன்னொன்று நம்மைக் கவிழ்க்கும். எது எது என்று தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இந்தப் பாடத்தில் தடுத்தல் என்ற சொல்லையும், அதன் உறவுக்காரச் சொற்களையும் தெரிந்துகொள்வோம். அதற்கு நம் அந்தமான் தீவின் கதையே உதவும்.

1. வலையும் பலகையும்

நம் தீவுகளில் ஓடைகளிலும் கழிமுகங்களிலும் உப்புநீர் முதலை உண்டு. சில கடற்கரைகளில் குளிக்கும் இடத்தைச் சுற்றிக் கடலில் வலை கட்டியிருக்கிறார்கள். வேறு சில இடங்களில் பலகை மட்டும் வைத்திருக்கிறார்கள். 'முதலை நடமாடும் இடம். தண்ணீரில் இறங்காதீர்கள்' என்று அதில் எழுதியிருக்கும்.

இரண்டும் ஆபத்தைத் தடுக்கத்தான். ஆனால் தடுக்கும் விதம் வேறு.

வலை முதலையை மறிக்கிறது. முதலைக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. வலை இருந்தால் அது உள்ளே வர முடியாது. அவ்வளவுதான்.

பலகை யாரையும் மறிப்பதில்லை. அதைத் தாண்டி யார் வேண்டுமானாலும் தண்ணீரில் இறங்கலாம். பலகை நம் மனதோடு பேசுகிறது. 'இறங்கினால் என்ன ஆகும் என்று யோசி' என்கிறது. நாம் யோசிக்கிறோம். தயங்குகிறோம். திரும்பி வருகிறோம்.

ஆக, தடுப்பு இரண்டு வகை. ஒன்று உடலை மறிக்கும் தடுப்பு. சுவர், வேலி, பூட்டு, வலை ஆகியவை இந்த வகை. மற்றொன்று மனதைத் தயங்க வைக்கும் தடுப்பு. பலகை, சட்டம், அபராதம் ஆகியவை இந்த வகை.

சோளக்கொல்லைப் பொம்மை எந்த வகை? யோசித்துச் சொல்லுங்கள். அது குருவியைப் பிடிக்காது, அடிக்காது. 'ஆள் நிற்கிறான்' என்று நினைக்க வைத்துத்தான் விரட்டுகிறது. எனவே அது இரண்டாவது வகை. ஆனால் நாலு நாள் கழித்து என்ன நடக்கும்? பொம்மை அசையாது என்று குருவிக்குத் தெரிந்துவிடும். பிறகு பொம்மையின் தலையிலேயே வந்து உட்காரும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. சொல்லும் பொருளும்

இரண்டாவது வகைத் தடுப்புக்கு ஆங்கிலத்தில் 'டெட்டரன்ஸ்' என்று பெயர். தமிழ்ச் செய்தித்தாள்களில் 'அச்சுறுத்தித் தடுத்தல்' என்றோ, வெறும் 'தடுப்பு' என்றோ எழுதுவார்கள். பொருள் இதுதான்: பின்னால் வரப்போகும் கெடுதலை நினைத்து, ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யாமலே விட்டுவிடும்படி செய்வது.

இதன் உறவுக்காரச் சொற்கள் இவை. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படியுங்கள்.

தடை: செய்யக் கூடாது என்ற உத்தரவு. 'இங்கே மணல் அள்ளத் தடை.'

எச்சரிக்கை: ஆபத்து வரும் என்று முன்கூட்டிச் சொல்வது. கேட்பவரின் நன்மைக்காகச் சொல்வது. 'புயல் எச்சரிக்கை. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்.'

மிரட்டல்: பயம் காட்டிப் பணியவைப்பது. சொல்பவரின் லாபத்துக்காகச் சொல்வது. 'கையெழுத்துப் போடு. இல்லாவிட்டால் ஊரில் இருக்க முடியாது.'

தண்டனை: செய்த குற்றத்துக்காகச் சட்டப்படி தரும் துன்பம். அதைத் தர நீதிமன்றம் வேண்டும், விசாரணை வேண்டும்.

அபராதம்: பணமாகக் கட்டும் தண்டனை.

பழிவாங்குதல்: எனக்குச் செய்ததற்கு நான் திருப்பிச் செய்வது. அது நடந்து முடிந்ததை நோக்கித் திரும்பி நிற்கிறது. தடுத்தல் இனி நடக்கப்போவதை நோக்கி நிற்கிறது. இந்த வேறுபாடு முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வடக்கு சென்டினல் தீவில் வாழும் மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியார் அங்கே போவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1956-ல் வந்தது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கக் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் போனது. கரையில் நின்ற ஒருவர் அதை நோக்கி வில்லை வளைத்துக் குறி பார்த்தார். 'கிட்டே வராதே' என்பதே அதன் பொருள். அவர்களுக்கு எழுத்து இல்லை, பலகை இல்லை. அந்த வில்தான் அவர்களுடைய பலகை. வெளியாரிடமிருந்து தொற்று நோய் வந்தால் அந்தச் சிறு கூட்டமே அழிந்துபோகலாம். எனவே அந்தத் தடுப்பு அவர்களுடைய உயிரைக் காக்கிறது.

3. பயத்துக்காகத் தேர்ந்தெடுத்த தீவு

இப்போது பழைய கதைக்குப் போவோம்.

1857-ல் வடநாட்டில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். அவர்களை எங்கே வைப்பது என்று ஆட்சியாளர்கள் யோசித்தார்கள். அந்தமானைத் தேர்ந்தெடுத்தார்கள். 1858 மார்ச் 10-ம் தேதி டாக்டர் வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார்.

சிறை கட்ட இந்தியாவில் இடமா இல்லை? இருந்தது. ஆனால் கடலுக்கு அப்பால் அனுப்புவதில் ஒரு கணக்கு இருந்தது. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். இந்தக் கடலைக் 'காலாபானி' என்றார்கள். கறுப்புத் தண்ணீர் என்று பொருள். போனவர் திரும்ப மாட்டார் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அந்தப் பேச்சே போதும், அடுத்தவன் எதிர்க்கத் துணிய மாட்டான் என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள்.

இங்கே கவனியுங்கள். தண்டனை 200 பேருக்கு. பயம் கோடிப் பேருக்கு. அச்சுறுத்தித் தடுத்தல் என்பது இதுதான்.

பயம் வேலை செய்ததா? முதல் வாரங்களிலேயே கைதிகள் கூட்டம் கூட்டமாகத் தப்பி ஓடினார்கள். சுற்றிலும் கடலும் காடும்தான். ஆனாலும் ஓடினார்கள். பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டவர்களை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். இனி யாரும் ஓட மாட்டார்கள் என்று நினைத்தார். அதன் பிறகும் கைதிகள் தப்பி ஓடினார்கள்.

ஏன்? ஓடினாலும் சாவு, இருந்தாலும் சாவு என்று ஒருவன் நினைத்துவிட்டால், அவனை எதைக் காட்டித் தடுப்பது?

1872-ல் இதே கேள்வி மறுபடி வந்தது. பிப்ரவரி 8-ம் தேதி இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானைப் பார்க்க வந்தார். ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். நாட்டின் மிகப் பெரிய அதிகாரி, சுற்றிலும் காவல், தண்டனைக்கென்றே அமைத்த தீவு. அங்கேயே இது நடந்தது. ஷேர் அலியை மார்ச் 11-ம் தேதி வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். அவர் முன்பே ஆயுள் தண்டனை பெற்றவர். இழக்க ஒன்றும் இல்லாதவரைப் பயம் தடுக்காது. இது முதல் பாடம்.

4. பயம் போதவில்லை என்றார்கள்

ஆண்டுகள் போயின. கைதிகள் காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள். நன்னடத்தை உள்ளவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து வெளியே வாழ அனுமதி கிடைத்தது. அவர்கள் நிலம் உழுதார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். அவர்களுடைய வம்சம் இன்றும் இங்கே நம்மோடு வாழ்கிறது.

1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் இதைப் பார்வையிட வந்தார்கள். அவர்கள் கண்டது அரசுக்குப் பிடிக்கவில்லை. இந்தியச் சிறையில் கிடப்பதைவிட அந்தமானுக்குப் போவதே மேல் என்று கைதிகள் நினைக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அதாவது, சோளக்கொல்லைப் பொம்மை அசையாது என்று குருவிக்குத் தெரிந்துவிட்டது.

எனவே வந்து இறங்கியதும் கடுமையான தனிமைச் சிறை வேண்டும் என்று பரிந்துரை செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் செல்லுலார் சிறை. 1896-ல் கட்டத் தொடங்கினார்கள். 1906-ல் முடித்தார்கள்.

அதன் அமைப்பைப் பாருங்கள். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல ஏழு கட்டடங்கள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. மொத்தம் சுமார் 700 அறைகள். அறைக்கு ஓர் ஆள். நீளம் பதின்மூன்றரை அடி, அகலம் 7 அடி. கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறு காற்றுத் துளை. ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்து நிற்கும். யாரும் யாரோடும் பேச முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது.

பகலில் தேங்காய் நாரை அடித்துப் பிரிக்க வேண்டும். அல்லது மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்து எண்ணெய் ஆட்ட வேண்டும். அளவு குறைந்தால் அடி, விலங்கு. தமிழ்நாட்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்த கதை உங்களுக்குத் தெரியும். வெள்ளையனுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவர் அவர். 1908-ல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். அதுவும் அவர் ஒருவருக்காக விதித்த தண்டனை அல்ல. இன்னொருவர் அந்த வழியில் போகக் கூடாது என்பதற்காக விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை குறைந்தது. 1912-ல் அவர் விடுதலையானார்.

5. சிறைக்குள் ஒரு பள்ளி

இவ்வளவு கடுமை காட்டியும் விடுதலைப் போராட்டம் நின்றதா? நிற்கவில்லை. வங்காளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

1933 மே மாதம் செல்லுலார் சிறையில் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது என்ன? உண்ணத் தகுந்த சோறு. படுக்க ஏதாவது ஒன்று. விளக்கு. படிக்கப் புத்தகமும் பத்திரிகையும். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாலை ஊற்றினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூன்று பேர் இறந்தார்கள்.

மூன்று சாவைப் பார்த்து மற்றவர்கள் பயந்து சாப்பிட்டிருக்க வேண்டும். அதுதான் தடுப்பின் கணக்கு. ஆனால் அவர்கள் உறுதியாக நின்றார்கள். கடைசியில் சிறை நிர்வாகம்தான் இறங்கி வந்தது. விளக்கு வந்தது. புத்தகம் வந்தது. பிறகு அந்தச் சிறைக்குள்ளேயே படிப்பு வட்டங்கள் நடந்தன. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

1937-ல் மறுபடியும் உண்ணாவிரதம். நாடு முழுவதும் கூட்டங்கள் நடந்தன. காந்தியடிகளும் தாகூரும் உண்ணாவிரதத்தை முடித்துக்கொள்ளும்படி வேண்டினார்கள். 1938 தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

தான் செய்வது நியாயம் என்று உறுதியாக நம்புபவரைப் பயம் தடுக்காது. இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம் இன்னும் கசப்பானது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்தமானைப் பிடித்தது. 1945 வரை இங்கே இருந்தது. யாரோ உளவு சொல்கிறார்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு. 1944 ஜனவரி 30-ம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். உளவாளிகள் என்று குற்றம் சாட்டினார்கள். நியாயமான விசாரணை இல்லை. இன்று அந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது.

யோசியுங்கள். குற்றம் செய்தவனைத் தண்டித்தால், 'குற்றம் செய்யாதே' என்று மற்றவருக்குப் புரியும். குற்றமற்றவனைத் தண்டித்தால் என்ன புரியும்? எதைச் செய்தால் தப்பிக்கலாம் என்றே தெரியாது. அப்போது அது தடுப்பு அல்ல. வெறும் கொடுமை.

செல்லுலார் சிறையின் ஏழு கட்டடங்களில் இன்று மூன்று மட்டும் நிற்கின்றன. 1979-ல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அதன் வளாகத்தில் மருத்துவமனை இருக்கிறது. பயத்துக்காகக் கட்டிய இடத்துக்கு இன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டுகிறோம்.

6. அப்படியானால் எதுதான் தடுக்கும்?

'பயம் காட்டினால் பயன் இல்லை என்கிறாயா தம்பி? பின்னே எதற்குச் சட்டம், எதற்குப் போலீஸ்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

1764-ல் இத்தாலி நாட்டைச் சேர்ந்த பெக்காரியா என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தண்டனையின் கடுமை முக்கியம் அல்ல, அது நிச்சயமாக வரும் என்பதே முக்கியம் என்று அவர் வாதாடினார். இன்றும் குற்றங்களை ஆராய்பவர்கள் பெரும்பாலும் இதையே சொல்கிறார்கள்.

நம் அனுபவத்தை வைத்துப் பார்ப்போம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை உயர்த்தினார்கள். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் பெரிய அபராதம். ஆனால் ஒரு சாலையில் போலீஸ்காரர் வருஷத்துக்கு ஒரு நாள்தான் நிற்பார் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட் வீட்டு ஆணியில்தான் தொங்கும். இன்னொரு சாலையில் அபராதம் குறைவு. ஆனால் தினமும் காலையில் ஆள் நிற்கிறார், எல்லாரையும் நிறுத்துகிறார். அங்கே ஹெல்மெட் தலையில் இருக்கும்.

அந்தமான் பெருஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாரவா மக்கள் வாழும் காட்டு வழியாக அது போகிறது. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. தின்பண்டம் கொடுக்கக் கூடாது. பலகை இருந்தும் மீறினார்கள். 2012-ல் ஜாரவா பெண்களை ஆடச் சொல்லி எடுத்த படம் உலகமெங்கும் பரவியது. நமக்கெல்லாம் தலைகுனிவு. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். ஆனால் சட்டம் மட்டும் போதாது. ஜிர்க்காடாங்கில் வண்டிகளைச் சேர்த்து நிறுத்தி, காவலோடு வரிசையாக அனுப்புகிறார்களே, அந்தக் கண்காணிப்பும் வேண்டும். அந்த மக்களுக்கும் மானம் உண்டு என்ற எண்ணம் பயணியின் மனதில் வர வேண்டும்.

ஆக, தயங்க வைக்கும் தடுப்பு வேலை செய்ய நான்கு வேண்டும்.

ஒன்று, விதி எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத சட்டம் யாரையும் தடுக்காது. படிக்கத் தெரிவது இதற்குத்தான் முதலில் உதவுகிறது.

இரண்டு, மீறினால் பிடிபடுவோம் என்பது நிச்சயமாக இருக்க வேண்டும்.

மூன்று, ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கக் கூடாது. ஏழைக்கு அபராதம், தலைவர் மகனுக்குச் சலாம் என்றால் விதிக்கு மதிப்பு இல்லை.

நான்கு, விதியைக் கேட்டு நடப்பவருக்கு வாழ வழி இருக்க வேண்டும். பசித்த வயிறு பலகை படிக்காது.

7. நாடுகளும் இப்படித்தான்

தடுத்தல் என்ற சொல் செய்தித்தாளில் அதிகம் வருவது நாட்டுப் பாதுகாப்புச் செய்திகளில்தான்.

1945-ல் ஜப்பானின் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மேல் அமெரிக்கா அணுகுண்டு போட்டது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். பிறகு சோவியத் நாடும் அணுகுண்டு செய்தது. 'நீ அடித்தால் நான் திருப்பி அடிப்பேன். இரண்டு பேரும் அழிவோம்' என்ற நிலை வந்தது. அந்தப் பயத்தால் இருவரும் அடிக்காமல் இருந்தார்கள். இதற்கு அணு ஆயுதத் தடுப்பு என்று பெயர்.

இந்தியா 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனை செய்தது. 2003-ல் தன் கொள்கையை அறிவித்தது. 'நாங்கள் முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம். எங்கள் மேல் பயன்படுத்தினால் திருப்பி அடிப்போம்' என்பது அதன் சாரம். முதல் வரி வாக்குறுதி. இரண்டாவது வரி தடுப்பு.

நம் தீவிலும் இது உண்டு. 2001-ல் அந்தமான் நிகோபார் படைத் தலைமையகம் தொடங்கியது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே தலைமையில் இங்கே இருக்கின்றன. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் வழி நம் தீவுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கப்பல் நிற்பது சண்டை போட அல்ல, சண்டை வராமல் இருக்க என்று சொல்வார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டிலும் ஆபத்து உண்டு. ஒரு தவறான தகவல், ஒரு அவசர முடிவு போதும். அதனால் பேச்சுவார்த்தையும் வேண்டும் என்று சொல்பவர்கள் பலர். பக்கத்து வீட்டோடும் அப்படித்தானே? வேலி வேண்டும். வேலிக்கு மேலே பேச்சும் வேண்டும்.

8. அடியாத மாடு படியாதா?

நம் வகுப்பில் ஒரு நாள் இந்தப் பழமொழியைக் கரும்பலகையில் எழுதினேன். உடனே பேச்சு கிளம்பிவிட்டது.

'உண்மைதான் தம்பி. அடிக்காமல் எந்தப் பிள்ளை உருப்பட்டது?' என்றார் ஓர் அண்ணன்.

பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை. 'எங்கப்பா என்னை அடிப்பார். நான் திருந்தவில்லை அண்ணே. பொய் சொல்லத்தான் கற்றுக்கொண்டேன்' என்றார்.

'அப்போ பிள்ளை தப்புச் செய்தால் சும்மா விடுவதா?'

'சும்மா விடச் சொல்லவில்லை. ஏன் தப்பு என்று சொல்லுங்கள். தினமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒரு நாள் சிரித்து, ஒரு நாள் உதைத்தால் பிள்ளைக்கு என்ன புரியும்?'

அந்த அக்கா பெக்காரியாவைப் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னதையே சொன்னார். கடுமை அல்ல, நிச்சயம்.

அடி பயந்த பிள்ளை அப்பா இருக்கும்போது மட்டும் ஒழுங்காக இருக்கும். காரணம் புரிந்த பிள்ளை அப்பா இல்லாதபோதும் ஒழுங்காக இருக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் வகுப்பில் பேசிப் பாருங்கள்.

9. கையில் வந்த தாள்: எச்சரிக்கையா, மிரட்டலா?

இது இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி. மெதுவாகப் படியுங்கள்.

படிக்கத் தெரியாத காலத்தில் எந்தத் தாளைப் பார்த்தாலும் நமக்குப் பயம். அந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள் உண்டு. வட்டிக்குக் கொடுத்தவர் ஒரு தாளை நீட்டி, 'இதில் கையெழுத்துப் போடு. இல்லாவிட்டால் நாளைக்கே ஜெயில்' என்பார். பலர் பயந்து வெற்றுத் தாளில் ரேகை வைத்திருக்கிறார்கள். வீடு போயிருக்கிறது. நகை போயிருக்கிறது.

இனி ஒரு தாள் வந்தால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

யார் அனுப்பினார்கள்? அலுவலகத்தின் பெயர் இருக்கிறதா? தேதி, கையெழுத்து, முத்திரை இருக்கிறதா?

நான் என்ன செய்தேன் என்று எழுதியிருக்கிறதா? எந்தச் சட்டம் என்று இருக்கிறதா?

பதில் சொல்ல நாள் கொடுத்திருக்கிறதா? எங்கே போய்ப் பதில் சொல்வது என்று இருக்கிறதா?

இவை இருந்தால் அது பெரும்பாலும் முறையான அறிவிப்பு. அதைத் தூக்கிப் போடக் கூடாது. நாள் தவறாமல் பதில் சொல்ல வேண்டும்.

இவை ஒன்றும் இல்லாமல், 'உடனே செய், யாரிடமும் சொல்லாதே' என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எச்சரிக்கை வெளிச்சத்தில் வரும். நாலு பேரிடம் கேட்டுக்கொள் என்று சொல்லும். மிரட்டல் இருட்டில் வரும். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லும்.

சட்டம் பற்றி மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடன் வாங்கி, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போவது மட்டுமே குற்றம் ஆகாது. ஏமாற்றினால்தான் குற்றம். கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அவரே ஜெயிலுக்கு அனுப்ப முடியாது.

மற்றவரை மிரட்டுவதே குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தின் 351-வது பிரிவு இதைச் சொல்கிறது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. சுவரில் எழுதி வையுங்கள்.

10. பயிற்சி

அ. பொருத்தமான சொல்லை எழுதுங்கள்.
(எச்சரிக்கை, மிரட்டல், அபராதம், தடை)

1. கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று வானொலியில் ________ வந்தது.
2. 'ஓட்டு எனக்குப் போடாவிட்டால் வேலை கிடையாது' என்பது ________.
3. குப்பையை ஓடையில் கொட்டியதற்கு 500 ரூபாய் ________ கட்டினார்.
4. காட்டில் மரம் வெட்ட ________ இருக்கிறது.

ஆ. எது உடலை மறிக்கிறது? எது மனதைத் தயங்க வைக்கிறது? பிரித்து எழுதுங்கள்.
பூட்டு, அபராதம், முள்வேலி, சோளக்கொல்லைப் பொம்மை, முதலை வலை, எச்சரிக்கைப் பலகை.

இ. இரண்டு வரி எழுதுங்கள்.
1. செல்லுலார் சிறையை ஏன் அப்படிக் கட்டினார்கள்?
2. 1933-ல் கைதிகள் கேட்டவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?

ஈ. கூடிப் பேசுங்கள்.
ஓர் ஊரில் இறைச்சிக் கழிவையும் மீன் கழிவையும் ஓடையில் கொட்டுகிறார்கள். அதைத் தின்ன முதலை வருகிறது. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் 5000 ரூபாய் அபராதம் போடலாம் என்கிறார். இன்னொருவர் கழிவைக் கொட்ட வேறு குழி வெட்டலாம் என்கிறார். மூன்றாமவர் முறை வைத்து ஆள் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நாம் பார்த்த நான்கையும் நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள். முடிவை ஒரு பலகையில் எழுதும்படி சுருக்கமாக எழுதுங்கள். பெரிய எழுத்தில், யாருக்கும் புரியும்படி, உங்கள் கையாலேயே எழுதுங்கள்.